நான்காவது டிஸ்க் உறங்கவில்லை

ஒன்றரை மணிக்கு அடங்கியிருக்க வேண்டிய ரீங்காரம் இரண்டாகப் போகிற நேரத்திலும் அடங்கவில்லை.

பெரிய சத்தம் என்று சொல்ல முடியாது. மூடிய டப்பாவுக்குள் ஒரு வண்டு சுற்றிச் சுற்றி வருவதைப் போன்றது. தெருவில் ஒரு லாரி போனால் அதற்குள் கரைந்துவிடும். குழாயைத் திறந்தால் காணாமல் போகும். வேறொருத்தியாக இருந்தால் கவனித்திருக்கவே மாட்டாள். ஆனால் அவளுக்குச் சத்தம்தான் சோறு போட்டது. யார் யாரோ பேசிய பதிவுகளிலிருந்து இருமலையும், நாற்காலி கிறீச்சிடுவதையும், மூச்சிரைப்பையும் வெட்டியெடுத்துவிட்டுப் பேச்சை மட்டும் துடைத்துக் கொடுக்கிற வேலை. இருபது வருடமாகக் காதை அதற்கென்றே தீட்டி வைத்திருந்தாள்.

பேக்கப் கம்ப்யூட்டர் மேசைக்கு அடியில், கால் எட்டும் தூரத்தில் இருந்தது. தினமும் மதியம் ஒரு மணிக்கு, அவளுடைய வேலைக் கம்ப்யூட்டரில் அன்றைக்குச் சேர்ந்ததை எல்லாம் அது தானாகவே நகலெடுத்துக்கொள்ளும். இருபது நிமிடம். அதற்குப் பிறகு பத்து நிமிடம் யாரும் எதுவும் கேட்காமல் இருந்தால், உள்ளே இருக்கும் நான்கு ஹார்டு டிஸ்க்குகளும் சுழல்வதை நிறுத்தி ஒன்றன்பின் ஒன்றாக ஓய்வுக்குப் போகும். முதலில் சின்னதாக ஒரு ‘டக்’. பிறகு, மாடியிலிருந்து யாரோ ஒவ்வொரு படியாக இறங்கிப் போவது போலத் தாழ்ந்து தாழ்ந்து தேய்கிற முனகல். அது நான்கு முறை கேட்க வேண்டும்.

மூன்றுதான் கேட்டது.

காதுமாட்டியைக் கழற்றிக் கழுத்தில் போட்டுக்கொண்டு அவள் குனிந்தாள். பெட்டியின் தகட்டில் உள்ளங்கையை வைத்தாள். வெதுவெதுப்பாக, மெல்லிய நடுக்கத்தோடு, ஒன்று மட்டும் உள்ளே சுழன்றுகொண்டிருந்தது. ஜன்னல் கம்பிகளின் நிழல் தரையில் விழுந்திருந்தது. வெயில் அப்படியே நின்றது. வீட்டில் அவளைத் தவிர யாரும் இல்லை.

மூன்று மாதங்களுக்கு முன்புவரை அக்கா இருந்தாள்.

அக்கா, பார்வையற்றவர்களுக்கான நூலகத்துக்குப் புத்தகம் படித்துக் கொடுப்பவள். ஒலிவாங்கிக்கு முன்னால் உட்கார்ந்து, முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை, வாய்விட்டுப் படிப்பாள். ஆறு வருடத்தில் நாற்பது புத்தகங்கள். அக்கா படிக்க, தங்கை பதிவு செய்து வெட்டி ஒட்டிக் கோத்துக் கொடுப்பாள். ஒவ்வொரு அத்தியாயமும் தயாரானதும் அக்கா அதை முழுசாக ஒருமுறை கேட்டுப் பார்ப்பாள். தப்பு இருக்கிறதா என்று அவள் காதால் கேட்டால்தான் அவளுக்குத் திருப்தி. நாற்பத்தொரு வயதுத் தங்கையை அவள் ‘பொடிசு’ என்றுதான் கூப்பிடுவாள். நூலகத்திலிருந்து பெரிய மனிதர்கள் வந்து உட்கார்ந்திருந்தாலும், “பொடிசு, மூணாம் பக்கத்துல என் மூச்சு மாடு மாதிரி கேக்குது, அதை வெட்டிரு” என்று உள்ளிருந்து குரல் வரும்.

பிறகு அந்த மூச்சே அக்காவுக்குப் பகையானது. நுரையீரல் என்றார் மருத்துவர். எவ்வளவு தூங்குகிறாளோ அவ்வளவு நல்லது என்றார். அக்காவின் கட்டில் பக்கத்து அறையில்தான் இருந்தது. பக்கத்து அறை என்று பேர்தான். ஒரே பெரிய அறையை நடுவில் பிளைவுட் பலகை அடித்து இரண்டாக்கியது. இந்தப் பக்கம் தும்மினால் அந்தப் பக்கம் போர்வை அசையும். டிஸ்க்குகளின் ரீங்காரம் பலகை வழியாகக் கட்டிலுக்குள் இறங்கி, தலையணைக்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

“தூங்கிருச்சா பொடிசு?” என்று அக்கா கேட்பாள்.

“எது?”

“உன் புள்ளைங்கதான். நாலும் தூங்கினாத்தான் எனக்குத் தூக்கம் வரும்.”

“மூணு தூங்கிருச்சுக்கா. நாலாவது அடம் பிடிக்குது.”

“அது உன்னை மாதிரி. நீயும் இப்படித்தான், தொட்டில்ல போட்டா முழிச்சுக்கிட்டு மோட்டுவளையைப் பாப்ப.”

அதனால்தான் பத்து நிமிடத்தில் ஓய்வுக்குப் போகும்படி அவள் அமைத்து வைத்தாள். அத்தோடு நில்லாமல் சரிபார்க்கவும் செய்தாள். கால் மணிக்கு ஒருமுறை, செய்துகொண்டிருக்கும் வேலையை நிறுத்திவிட்டு, டிஸ்க்குகள் உறங்கிவிட்டனவா என்று கேட்கும் ஒரு வரியைத் தட்டுவாள். திரையில் ஒவ்வொன்றாக ‘ஓய்வில்’ என்று வரும். பலகைக்கு இந்தப் பக்கமிருந்தே, “எல்லாம் தூங்கியாச்சு, நீ தூங்குக்கா” என்று சொல்லிவிட்டுக் காதுமாட்டியைப் போட்டுக்கொள்வாள். கொஞ்ச நேரத்தில் கைபேசியில் அக்காவின் செய்தி வரும்: ‘எழுந்திருச்சு போலடி.’ இயந்திரத்தைத் திட்டிக்கொண்டே மறுபடி காத்திருந்து மறுபடி தட்டுவாள். மறுபடி ‘ஓய்வில்’. ஐந்து மாதம் இப்படியே ஓடியது. அக்கா தூங்காமலே கரைந்தாள்.

அக்கா போன பிறகு, பெட்டியின் மின்விசிறியை மாற்ற வந்த கம்ப்யூட்டர்காரர்தான் கண்டுபிடித்தார். டிஸ்க்குகள் தாங்கள் எத்தனை முறை எழுந்தோம் என்பதைத் தங்களுக்குள்ளேயே எண்ணி வைத்துக்கொள்ளுமாம்.

“அஞ்சு மாசத்துல ஆயிரத்து அறுநூறு தடவை எழுப்பியிருக்கீங்களே மேடம், எதுக்கு?”

“நான் எழுப்பலயே. தூங்குதான்னு பாக்கத்தான் செஞ்சேன்.”

அவள் தட்டும் வரியைக் காட்டச் சொல்லிப் பார்த்துவிட்டு அவர் சிரித்தார். “இது முதல்ல ‘தூங்குது’ன்னு சொல்லிரும். அப்புறம் உடம்பு எப்படி இருக்குன்னு டிஸ்க்கையே கேக்கும். பதில் சொல்லணும்னா அது எழுந்திருச்சுத்தானே ஆகணும்? டிஸ்க்கும் மாமியாரும் ஒண்ணு மேடம். தூங்கும்போது தட்டி எழுப்பி, தூங்கிட்டீங்களான்னு கேக்கக் கூடாது.”

அவளும் சிரித்தாள். அவருக்குக் காப்பி போட்டுக் கொடுத்தாள். எழுப்பாமல் கேட்கிற வரியை ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொண்டாள். அவர் போனதும் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு, வாளி நிரம்பி வழிவதைப் பார்த்தபடி வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. சொல்வதற்கு யாரும் இருக்கவும் இல்லை.

அந்தத் தாளில் இருந்த வரியைத்தான் இப்போது தட்டினாள்.

ஒன்று, ஓய்வில். இரண்டு, ஓய்வில். மூன்று, ஓய்வில். நான்கு, விழிப்பில்.

இரண்டு பத்துக்கு நான்காவதும் இறங்கியது. சரி, ஏதோ ஒன்று என்று விட்டுவிட்டாள். மறுநாளும் அதேதான். இரண்டு கம்ப்யூட்டர்களையும் இணைக்கும் கம்பியைப் பிடுங்கிப் பார்த்தாள், ரீங்காரம் அசரவில்லை. மூன்றாம் நாள் கம்ப்யூட்டர்காரருக்குப் போன் செய்தாள்.

“யாரோ அதைப் படிச்சிட்டிருக்காங்க மேடம். எந்த ஃபைல் திறந்திருக்குன்னு பாருங்க.” எப்படிப் பார்ப்பது என்றும் சொன்னார்.

பார்த்தாள். அக்காவின் பெயரிட்ட கோப்புறை. அக்கா கடைசியாகப் படித்து, முடிக்காமல் விட்ட புத்தகம். பதினாறாவது அத்தியாயம்.

“ஒரேயடியா காப்பி ஆகுதா, இல்ல கொஞ்சம் கொஞ்சமாவா?” என்றார் அவர்.

“கொஞ்சம் கொஞ்சமா.”

“அப்ப காப்பி இல்ல. காப்பின்னா ஒரே மடக்குல குடிச்சிரும். இது பாட்டு கேக்குற மாதிரி, சொட்டுச் சொட்டா எடுக்குது. ஸ்பீக்கர் ஏதாவது மாட்டியிருக்கீங்களா?”

“அதுல ஸ்பீக்கரே கிடையாது. திரைகூட என்னோட கம்ப்யூட்டர் வழியாத்தான்.”

“சாயங்காலம் எல்லாத்தையும் ஒருதடவை அணைச்சுப் போடுங்க மேடம்,” என்றார். “பழைய டிஸ்க்கு. சில சமயம் அதுவா எதையாவது கிளறும்.”

அணைத்துப் போட்டாள். நான்காம் நாள் மதியம் பதினேழாவது அத்தியாயம். அது ஐம்பத்திரண்டு நிமிடம் ஓடக்கூடியது. அவளே வெட்டிக் கோத்தது, அவளுக்குத் தெரியாதா? கையில் கடிகாரத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். நகல் முடிந்த பிறகு ஐம்பத்திரண்டு நிமிடம் நான்காவது டிஸ்க் சுழன்றது. அதற்கு மேல் பத்து நிமிடம். பிறகு ‘டக்’. ஐந்தாம் நாள் பதினெட்டாவது, முப்பத்தெட்டு நிமிடம். ஒரு நிமிடம் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. நடுவில் ஓரிடத்தில் மட்டும் சில நொடி பின்னால் போய், அதே வரியைத் திரும்ப எடுத்தது. அந்த இடம் அவளுக்கு ஞாபகம் இருந்தது. அக்கா ஒரு சொல்லை விழுங்கிவிட்டு, “ச்சே, சரியா வரல” என்று மறுபடி படித்த இடம்.

யாரோ கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவசரமில்லாமல், வரிசையாக, தினம் ஒரு அத்தியாயம். தப்பு இருக்கிறதா என்று காது கொடுத்து.

அன்று ராத்திரி அவள் சாப்பிடவில்லை. பயம் என்று சொல்லிவிட்டால் பாதி பொய். அக்காதான் என்றால் அதில் பயப்பட என்ன இருக்கிறது என்று ஒரு மனம் கேட்டது. இன்னொரு மனம் நாளைய கணக்கில் நின்றது. நாளைக்குப் பத்தொன்பது.

பத்தொன்பதாவது அத்தியாயத்தை அவள் வெட்டவில்லை. ஒட்டவும் இல்லை. ஒருமுறைகூடக் கேட்கவில்லை. அது அப்படியே, எடுத்தது எடுத்தபடி, நான்காவது டிஸ்க்கில் மட்டும் இருந்தது. வேறெங்கும் பிரதி இல்லை. மொத்த நீளம் இரண்டு மணி நேரம் நாற்பத்தேழு நிமிடம்.

அதில் அக்கா படித்தது நான்கு நிமிடம்தான். கட்டிலில் சாய்ந்தபடி படித்தாள். ஒலிவாங்கி தலைமாட்டில் இருந்தது. நான்கு நிமிடத்தில் மூச்சு முட்டி, “போதும், மிச்சத்தை நாளைக்குப் படிக்கிறேன்” என்றாள். பிறகு வழக்கம்போல, “தூங்கிருச்சா பொடிசு?” என்றாள். நான்கும் அப்போது முழு வேகத்தில் சுழன்றுகொண்டிருந்தன. ஒரு கம்பெனியின் பயிற்சிப் பதிவு மாலைக்குள் போயாக வேண்டும். இனி எதையும் நிறுத்தவோ சரிபார்க்கவோ அவளுக்குப் பொறுமை இல்லை. “தூங்கிருச்சு, நீயும் தூங்கு” என்றாள். காதுமாட்டியைப் போட்டுக்கொண்டாள். ஒலிவாங்கியை அணைக்க மறந்துபோனாள். நான்கு மணிக்குக் கஞ்சி எடுத்துக்கொண்டு போனபோது அக்கா சில்லிட்டிருந்தாள்.

தூக்கத்திலேயே போய்விட்டாள், கொடுத்து வைத்தவள் என்று வந்தவர்கள் எல்லாரும் சொன்னார்கள். அவளும் அதையே சொல்லிக்கொண்டாள். அது உண்மையா என்று தெரிந்த ஒரே சாட்சி அந்த இரண்டே முக்கால் மணி நேரம். அதைக் கேட்க அவளுக்குத் துணிவு வரவில்லை. அழிக்கவும் கை வரவில்லை. அழித்தால் அக்காவின் கடைசி நான்கு நிமிடமும் சேர்ந்து போய்விடும்.

ஆறாம் நாள் பன்னிரண்டரைக்கே மேசைமுன் உட்கார்ந்துவிட்டாள். கால் விரல்கள் ஜில்லென்று இருந்தன. திட்டம் எளிது. நகலெடுத்து முடிந்ததும், கேட்கிறவர் தொடங்குவதற்குள், நான்காவதைப் பிடுங்கிவிட வேண்டும். நகலெடுக்கும்போது பிடுங்கினால் பதிவே கெட்டுப்போகும். ஒன்று இருபதுவரை பல்லைக் கடித்துக்கொண்டு பொறுக்க வேண்டும். அவ்வளவுதான்.

ஒரு மணி. நான்கும் எழுந்தன. மேசை லேசாக அதிர, மேலிருந்த பேனா நகர்ந்து நின்றது. பூச்சு காய்ந்த பிளைவுட்டின் மணம் வெயிலுக்கு இளகி அறையில் பரவியது. அதனடியில், கழுவிக் கழுவியும் போகாத மருந்து நெடி. பலகைக்கு அந்தப் பக்கம் வெறும் அறை. கட்டிலைக் கொடுத்தாகிவிட்டது. மெத்தையை எரித்தாகிவிட்டது. ஒலிவாங்கியின் தாங்கி மட்டும் மூலையில் நின்றது, அவளுக்குத் தெரியும்.

ஒன்று ஆறுக்குத் திரையில் ஒரு வரி புதிதாக முளைத்தது. பத்தொன்பது.

இன்று அது காத்திருக்கவில்லை.

அவள் கை விசைப்பலகைமேல் அந்தரத்தில் நின்றது. இப்போது பிடுங்கினால் நான்கு நிமிடமும் போகும். பிடுங்காவிட்டால் கேட்டுவிடும். ஒன்று ஏழு. ஒன்று எட்டு. உள்ளே எங்கோ, சத்தமில்லாமல், அக்கா படித்துக்கொண்டிருந்தாள். ஒன்று பத்து. போதும், மிச்சத்தை நாளைக்கு. ஒன்று பதினொன்று. ‘தூங்கிருச்சு’ என்று தங்கை சொன்ன பொய் கடந்து போயிற்று. மாடிப்படியில் கால் வைக்க ஒரு படி இல்லாமல் போனது போல இருந்தது.

ஒன்று இருபது. நகல் முடிந்தது.

பவர் விசையை அமுக்கினாள். பெட்டியின் பச்சை விளக்கு அணைந்தது. மின்விசிறி சுணங்கி நின்றது. டக். டக். டக். மூன்றும் ஒன்றன்மேல் ஒன்றாக இறங்கின.

ரீங்காரம் நிற்கவில்லை.

சுவரிலிருந்து மின்கம்பியை உருவினாள். நிற்கவில்லை. மண்டியிட்டுப் பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றினாள். நான்காவதிலிருந்து இரண்டு கேபிள்களையும் பிடுங்கினாள். அவை பாம்புக் குட்டிகள்போலச் சுருண்டு தொங்கின. நிற்கவில்லை. டிஸ்க்கை உருவி வெளியே எடுத்தாள்.

அது அவள் கையில் சுழன்றுகொண்டிருந்தது.

காய்ச்சல்காரியின் நெற்றி மாதிரி சுட்டது. எந்தக் கம்பியும் இல்லை. எந்த இணைப்பும் இல்லை. திருப்பிப் பார்க்க நினைத்தாள்; அது திரும்ப மறுத்தது. வேகமாகச் சுற்றும் பம்பரம் தன் நிலையை விட்டுக் கொடுக்காது என்பது அவளுக்குத் தெரியும். ஆனால் இது பிடிவாதம் மாதிரி இருந்தது. மணிக்கட்டை எதிர்த்துத் தள்ளியது. கீழே போட்டுவிடலாம். விரல்கள் விரியவில்லை.

டக்.

உள்ளங்கையில் பட்டது.

டக், டக்.

டிஸ்க்கின் முள் நகர்கிற சத்தம் என்று முதலில் நினைத்தாள். இல்லை. அது வறண்ட சத்தம், உலோகம். இது வேறு. இருபது வருடக் காது. இது எலும்பும் தோலும் மரத்தில் படுகிற சத்தம். மெதுவாக. பலமில்லாமல். விரல் முட்டி.

பிளைவுட்டில்.

கூப்பிட மூச்சில்லாதவள் வேறென்ன செய்வாள்? கையை நீட்டினால் எட்டுகிற பலகை. அதற்கு இந்தப் பக்கம், ஒரு முழ தூரத்தில், தங்கை. காதுமாட்டிக்குள். யாரோ ஒருவனின் இருமலை வெட்டிக்கொண்டு.

டக், டக். இடைவெளி. டக், டக். நீண்ட இடைவெளி. அவள் எண்ணினாள். எண்ணாமல் இருக்க முடியவில்லை. ஏழு. எட்டு. “அக்கா,” என்றாள். ஒன்பது. பத்து. ஒவ்வொன்றும் முன்னதைவிடத் தளர்ந்திருந்தது. பதினொன்று.

டிஸ்க் தாழ்ந்தது. முனகல் ஒவ்வொரு படியாக இறங்கி, தேய்ந்து, நின்றது. கைக்குள் இருந்த எதிர்ப்பு விட்டது. வெறும் இரும்பு. ஆறு நாளில் முதல்முறையாக வீட்டில் எந்த ரீங்காரமும் இல்லை. தெருவும் கேட்கவில்லை. தன் மூச்சு மட்டும்.

பன்னிரண்டாவது, பலகையிலிருந்து வந்தது.

அவள் முகத்துக்கு நேரே. மண்டியிட்டவளின் முகமும், கட்டிலில் படுத்திருப்பவளின் கையும், ஒரே உயரம். கட்டில் இல்லை. அந்தப் பக்கம் யாரும் இல்லை. டக், டக். ஒவ்வொரு தட்டுக்கும் பலகை இந்தப் பக்கமாக ஒரு நூலளவு புடைத்தது. பழைய பூச்சு செதில் செதிலாக உதிர்ந்து அவள் மடியில் விழுந்தது.

டக், டக். ஓய்வு. டக், டக்.

இப்போது அது தளரவில்லை. ஒவ்வொரு முறையும் அந்த ஓய்வு குறைந்துகொண்டே வந்தது.